தொழுநோய்க் கிருமியின் ஜீனோமில் பாதி ஏன் செத்துக் கிடக்கிறது?

வெண்மணல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயிர்தகவலியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செய்முறைப் பாடத்துக்கு ஆளுக்கு ஒரு பாக்டீரியாவின் ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏ வரிசையை, கொடுத்து, மரபணுக்களை அடையாளம் காணும் புரோக்கா மென்பொருளில் ஓட்டி, எத்தனை மரபணுக்கள் வருகின்றன, அது ஏற்கெனவே வெளியான எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். எனக்கு வந்தது தொழுநோய்க் கிருமி, மைக்கோபாக்டீரியம் லெப்ரே. என் தோழிக்குக் காசநோய்க் கிருமி. அவளுக்கு 4,000 சொச்சம் மரபணுக்கள், கட்டுரையில் உள்ளதற்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது, அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

எனக்குத்தான் சிக்கல். கட்டுரை சுமார் 1,600 மரபணுக்கள் என்கிறது. எனக்கு அதைவிடப் பல நூறு கூடுதலாக வந்திருக்கிறது. பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒரே புரதத்தின் பெயர் அடுத்தடுத்து மூன்று நான்கு தடவை வருகிறது, ஒவ்வொன்றும் எழுபது எண்பது அமினோ அமிலம் நீளத்துக்குக் குட்டைகுட்டையாக. நடுநடுவே ஒன்றுமே இல்லாத பெரிய இடைவெளிகள். முதலில் கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்கினேன். மூன்று தடவை ஓட்டியும் அதே கதைதான்.

இது என் தவறா, மென்பொருளின் தவறா, இல்லை கிருமியே இப்படித்தானா? கிருமியே இப்படி என்றால், பாதி ஜீனோம் வேலை செய்யாமல் ஒரு பாக்டீரியா எப்படி உயிரோடு இருக்கிறது? பாக்டீரியா என்றால் வீண் இடமே இல்லாமல் அடைத்து வைத்த ஜீனோம் என்றுதான் படித்திருக்கிறேன்.

---

நெல்லிக்காய் எழுதியது:

தவறு உங்களுடையது இல்லை, கோப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்திருப்பது பாக்டீரியா உலகிலேயே மிக விசித்திரமான ஜீனோம்களில் ஒன்று. தோழிக்கு அரை மணியில் முடிந்தது என்று வருத்தப்படாதீர்கள், நீங்கள் இதில் கற்றுக்கொள்ளப் போவது அதிகம்.

முதலில் எண்கள். காசநோய்க் கிருமியின் ஜீனோம் 1998இல் வெளியானது. 44 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்), சுமார் 4,000 மரபணுக்கள், மொத்த நீளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் புரதம் எழுதும் பகுதி. நீங்கள் படித்த "வீண் இடமே இல்லாத" பாக்டீரியா அதுதான். தொழுநோய்க் கிருமியின் ஜீனோம் 2001இல் நேச்சர் இதழில் வந்தது, கேம்பிரிட்ஜ் அருகே உள்ள சாங்கர் மையமும் பாரிஸின் பாஸ்டர் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை. 32.7 லட்சம் கார இணைகள். அதில் புரதம் எழுதும் பகுதி பாதிக்கும் சற்றுக் குறைவு. உயிருள்ள மரபணுக்கள் சுமார் 1,600, செத்துப்போனவை 1,100க்கு மேல். மீதி நாலில் ஒரு பங்குக்கு அடையாளம் தெரியும் மரபணுவே இல்லை. அங்கேயும் ஒரு காலத்தில் மரபணுக்கள் இருந்து, உருத்தெரியாமல் அழிந்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறார்கள்.

செத்துப்போனவற்றைத்தான் போலி மரபணு என்கிறோம். எனக்கு அந்தப் பெயர் அவ்வளவு பிடிக்காது. போலி என்றால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்று என்பது போல இருக்கிறது, இவையோ ஒரு காலத்தில் நன்றாக உழைத்தவை. நடுவில் ஓர் எழுத்து மாறி "நிறுத்து" என்ற குறி வந்துவிட்டால் புரதம் பாதியில் நின்றுபோகும். ஓர் எழுத்து விழுந்துவிட்டாலோ கூடிவிட்டாலோ மும்மூன்றாகப் படிக்கும் வரிசை நகர்ந்து, அதற்குப் பிறகு வருவதெல்லாம் உளறலாகிவிடும். புரோக்காவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. தொடக்கக் குறியிலிருந்து நிறுத்தக் குறிவரை போதுமான நீளம் இருந்தால் அதை ஒரு மரபணு என்று எண்ணிவிடும். ஒரு பழைய மரபணு நான்கு இடத்தில் உடைந்திருந்தால் அது உங்களிடம் நான்கு "மரபணு" என்று கணக்குக் காட்டும். உங்கள் கூடுதல் பல நூறு அங்கிருந்து வந்ததுதான்.

சரி செய்ய வழி: அந்தத் துண்டுகளையும் இடைவெளிகளையும் காசநோய்க் கிருமியின் புரதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த நான்கு துண்டுகள் ஒரே புரதத்தின் தலை, கழுத்து, வயிறு, கால் என்று பொருந்தினால் அது ஒரு செத்த மரபணு. இதற்கென்றே சூடோஃபைண்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. முதல் பத்தையாவது கையால் செய்யுங்கள், கண்ணுக்குப் பழகும்.

இன்னொன்று. நீங்கள் இறக்கிய வகையின் பெயர் "டிஎன்" என்று இருக்கிறதா பாருங்கள். அது தமிழ்நாடு என்பதன் சுருக்கம். உலகில் முதன்முதலில் முழுதாக வாசிக்கப்பட்ட தொழுநோய்க் கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது.

---

கள ஊழியர் எழுதியது:

வணக்கம். நான் ஓய்வு பெற்ற தொழுநோய்க் களப்பணியாளர். எண்பதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன், வட ஆற்காடு பக்கம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், உணர்ச்சியற்ற தேமல் யாருக்காவது இருக்கிறதா, முழங்கையில் நரம்பு தடித்திருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்த ஆள். ஜீனோம் எல்லாம் எனக்குப் புதிது. ஆனால் இந்த இழையை விட்டு எழுந்து போக முடியவில்லை.

அந்த டிஎன் விஷயம் எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. காது மடலில் பிளேடால் லேசாகக் கீறி, வரும் திசுச்சாற்றைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஆய்வகத்தில் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்புக் குச்சிகளாகக் கட்டுக்கட்டாகத் தெரியும். சில நோயாளிகளுக்கு ஒரு பார்வைப் புலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும், 6 பிளஸ் என்று எழுதுவோம். அவ்வளவு கூட்டமாக இருக்கிற கிருமியை எதில் போட்டாலும் வளர்க்க முடியாது என்று பயிற்சியில் சொன்னபோது எங்களில் யாராலும் நம்ப முடியவில்லை. நார்வேயில் ஹேன்சன் 1873இல் கண்டுபிடித்தது முதல் இன்றுவரை தட்டிலோ குப்பியிலோ யாராலும் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்தில் வளர்ப்பார்கள், அப்புறம் ஆர்மடில்லோவில். அந்தப் பிராணியின் உடல் சூடு குறைவு என்பதால் கிருமிக்குப் பிடித்துப்போகிறது என்பார்கள். நமக்கும் காது மடல், மூக்கு, கை கால் என்று குளிர்ந்த இடத்தில்தானே அது உட்காருகிறது.

என்னுடைய கேள்வி இதுதான். காசநோய்க்கு ஐசோனியாசிட் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே குடும்பத்துக் கிருமி, சாயம்கூட ஒரே சாயம்தான். தொழுநோய்க் கூட்டு மருந்தில் டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் இருக்கிறது, ஐசோனியாசிட் மட்டும் இல்லை. எங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டேன், இதற்கு அது வேலை செய்யாது என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை. அதற்கும் நீங்கள் சொல்கிற செத்த மரபணுவுக்கும் தொடர்பு உண்டா?

---

நெல்லிக்காய் எழுதியது:

ஐயா, நேரடியான தொடர்பு உண்டு. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஐசோனியாசிட் அப்படியே மருந்து இல்லை. கிருமிக்குள் போனபிறகு, கிருமியின் சொந்த நொதி ஒன்று அதை மருந்தாக மாற்ற வேண்டும். அந்த நொதியை எழுதும் மரபணுவுக்கு கேட்-ஜி என்று பெயர். காசநோய்க் கிருமி தனக்கான விஷத்தைத் தானே காய்ச்சிக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் கேட்-ஜியில் பிறழ்வு வந்த காசநோய்க் கிருமிகளுக்கு ஐசோனியாசிட் பலிப்பதில்லை.

தொழுநோய்க் கிருமியில் கேட்-ஜி எப்போதோ செத்துவிட்டது, இன்று அது ஒரு போலி மரபணு. மருந்து உள்ளே போகும், அதை மாற்ற ஆள் இருக்காது. உங்கள் மருத்துவர் சொன்ன "வேலை செய்யாது" என்பதற்குப் பின்னால் இருந்தது இதுதான்.

வெண்மணல், உங்கள் பட்டியலில் கேட்-ஜி இருக்கும் இடத்தை முதலில் போய்ப் பாருங்கள். அப்புறம் இரும்பைப் பிடித்து இழுக்கும் மைக்கோபாக்டின் தயாரிக்கும் மரபணுக் கூட்டத்தைத் தேடுங்கள், கிடைக்காது, முழுதாகப் போய்விட்டது. ஆற்றல் தயாரிக்கும் மூச்சுச் சங்கிலியின் முதல் நொதிக்கூட்டத்தை எழுதும் வரிசையிலும் ஒரு சிதைந்த துண்டுதான் மிச்சம். வளர்க்க முடியாத கிருமி ஏன் வளர்க்க முடியாததாக இருக்கிறது என்பது அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது மெல்லப் புரியும். அது இரண்டாகப் பிரிய சுமார் இரண்டு வாரம் ஆகிறது. காசநோய்க் கிருமிக்கு ஒரு நாள்கூட வேண்டாம், நம் குடலில் வாழும் ஈகோலை பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும்.

---

முத்துநகர் எழுதியது:

நான் உயிரியல்காரன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். எனக்கு இது தெளிவாகவே தெரிகிறது. மனித செல்லுக்குள் எல்லாம் கிடைக்கிறது, அப்புறம் எதற்குச் சொந்தமாகச் செய்ய வேண்டும்? தேவையில்லாததைக் கழித்துக்கட்டி, டிஎன்ஏ படியெடுக்கும் செலவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. நாங்களும் பழைய நிரலில் யாரும் கூப்பிடாத பகுதிகளை நீக்குவோம், நிரல் வேகமாகும். இதை ஏன் "செத்தது", "சிதைந்தது" என்று சோகமாகச் சொல்கிறீர்கள்? கிருமி தன்னைச் செம்மைப்படுத்திக்கொண்டது என்றுதானே சொல்ல வேண்டும்?

---

ஆய்வக_இரவு எழுதியது:

முத்துநகர், நீங்கள் சொல்வது ஒரு கிருமிக்கு மிகச் சரி. ஆனால் அது இந்தக் கிருமி இல்லை. நான் பூச்சிகளுக்குள் வாழும் பாக்டீரியாக்களில் வேலை செய்கிறேன், இந்தக் குழப்பம் எங்கள் துறையில் ரொம்ப காலம் இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீனோம் சிறியதாக இரண்டு வழி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும்.

கடல் மேற்பரப்பில் பெலாஜிபேக்டர் என்று ஒன்று மிதக்கிறது. மேற்பரப்பு நீரிலுள்ள நுண்ணுயிர்ச் செல்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, பூமியில் அதிக எண்ணிக்கையில் இருக்கும் உயிர்களில் ஒன்று. அதன் ஜீனோம் 2005இல் வந்தது. 13 லட்சம் கார இணைகள்தான். அதைத் திறந்து பார்த்தால் நீங்கள் கனவு காணும் நிரல் போல இருக்கும்: ஒரு மரபணு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி, நடுமதிப்பு எடுத்தால் 3 எழுத்து. மூன்றே எழுத்து! செத்த மரபணு எதுவும் கண்ணில் படவில்லை. கடலில் நைட்ரஜனும் பாஸ்பரசும் அரிது, டிஎன்ஏவுக்கு இரண்டும் வேண்டும். எண்ணிக்கையோ எண்ணவே முடியாத அளவு. அவ்வளவு பெரிய கூட்டத்தில் துளி ஆதாயம்கூட இயற்கைத் தேர்வின் கண்ணுக்குத் தப்பாது. செம்மை என்ற சொல் இதற்குத்தான் பொருந்தும்.

இப்போது அசுவினிப் பூச்சிக்கு வாருங்கள், செடிகளில் சாறு உறிஞ்சுமே, அதேதான். அதன் உடலுக்குள் புக்னெரா என்ற பாக்டீரியா 15 கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறது. சாற்றில் இல்லாத அமினோ அமிலங்களை அது செய்து கொடுக்கிறது, பூச்சி அதற்கு மற்ற எல்லாவற்றையும் கொடுக்கிறது. 2000இல் அதன் ஜீனோம் வந்தபோது 6.4 லட்சம் கார இணைகள்தான் இருந்தன. ஈகோலையின் உறவுக்காரன், அதில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் எதை இழந்திருக்கிறது என்று பாருங்கள், டிஎன்ஏவைப் பழுது பார்க்கும் மரபணுக்களில் நிறையப் போய்விட்டன. செலவு குறைக்கிறவன் தீயணைப்புக் கருவியை விற்பானா? அதன் புரதங்களே சரியாக மடங்குவதில்லை, அவற்றைத் தாங்கிப் பிடிக்க ஒரு துணைப் புரதத்தை அளவுக்கு மீறிச் செய்துகொண்டே இருக்கிறது.

காரணம் எண்ணிக்கைதான். தாய்ப் பூச்சியிலிருந்து குட்டிக்குப் போவது ஒரு சிறு பிடி பாக்டீரியாக்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தச் சிறு வாசல் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும். கொஞ்சம் பழுதான ஒன்று அதிர்ஷ்டத்தால் போய்விட்டால் அதன் வம்சம்தான் முழுக் கூட்டமும். இயற்கைத் தேர்வுக்கு அங்கே பிடிமானம் இல்லை. வெளியிலிருந்து புதிய மரபணு வரவும் வழியில்லை, பூச்சியின் செல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே போனது போனதுதான். இதோடு இன்னொரு பொது விதியையும் சேருங்கள்: பாக்டீரியாக்களில் பிறழ்வுகள் சேர்ப்பதைவிட அழிப்பதை அதிகம் செய்யும். தேர்வு காவலுக்கு நிற்காத எந்தப் பகுதியும் காலப்போக்கில் உதிரும்.

தொழுநோய்க் கிருமி இந்த இரண்டாவது வழியில் போகிறது. மெஸ்ஸில் சாப்பிடப் பழகியவர் வீட்டு அடுப்பு துருப்பிடித்தால் யாரும் அதைத் திட்டமிட்டு அகற்றியதாகச் சொல்லமாட்டோம், கவனிக்க ஆள் இல்லை, துருப்பிடித்தது. அந்த 1,100 செத்த மரபணுக்களே சாட்சி. செலவு குறைப்பதுதான் நோக்கம் என்றால் அவை முதலில் போயிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இத்தனை குப்பையையும் சேர்த்து முழுதாகப் படியெடுத்துக்கொண்டிருக்கிறது பாவம்.

---

யாழ்_ரீச்சர் எழுதியது:

நல்ல விளக்கம். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கட பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு, விகாரம், நொதியம் என்று வரும், நீங்கள் மரபணு, பிறழ்வு, நொதி என்கிறீர்கள், பிள்ளைகளுக்கு இந்த இழையைக் காட்டப் போகிறேன் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன், இரண்டும் ஒன்றுதான்.

மட்டக்களப்பு மாந்தீவில் இருந்த தொழுநோய் வைத்தியசாலை பற்றி என் தாயார் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தீவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று. கள ஊழியர் ஐயா எழுதினதை வாசிக்க அதுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு இடத்தில் எனக்கு இடிக்கிறது. பற்றீரியாக்களில் விகாரங்கள் அழிக்கும் பக்கம் சாய்ந்தவை, காவல் இல்லாத பகுதி உதிரும் என்றீர்கள். புக்னெராவில் அப்படியே உதிர்ந்து போயிருக்கிறது, சரி. அப்படியென்றால் தொழுநோய்ப் பற்றீரியாவில் மட்டும் ஏன் செத்தவை இன்னும் உடலோடு கிடக்கின்றன? பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

---

நெல்லிக்காய் எழுதியது:

அருமையான கேள்வி ரீச்சர். சுருக்கமாகச் சொன்னால், உதிர்வதற்கு இன்னும் காலம் போதவில்லை.

புக்னெராவைப் பழைய கைவிடப்பட்ட வீடு என்று வைத்தால் கூரை, சுவர் எல்லாம் விழுந்து, மண்ணும் அள்ளப்பட்டு, அடித்தளம் மட்டும் நிற்கிற நிலை. தொழுநோய்க் கிருமி அண்மையில் கைவிடப்பட்ட வீடு, ஓடு உடைந்திருக்கிறது, கதவு கழன்று தொங்குகிறது, ஆனால் இது அடுப்படி, இது திண்ணை என்று அடையாளம் தெரிகிறது. இதே நிலையில் இன்னொன்றும் உண்டு. ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் ட்செட்சி ஈயின் உடலில் சோடாலிஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது, 2006இல் ஜீனோம் வந்தது. 42 லட்சம் கார இணைகளில் பாதிதான் புரதம் எழுதுகிறது, செத்த மரபணுக்கள் 972. தொழுநோய்க் கிருமிக்கும் அதற்கும் உறவே கிடையாது, ஒன்று மனித நரம்பில், மற்றது ஈயின் வயிற்றில். இருந்தும் நிலைமை அச்சு அசலாக ஒன்று. செல்லுக்குள் குடியேறிய புதிதில் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகிறது என்பதற்கு எனக்கு இந்த ஒற்றுமை பெரிய ஆதாரமாகத் தோன்றுகிறது.

"புதிதில்" என்றால் நேற்று இல்லை. 2008இல் மெக்சிகோ நோயாளிகளிடமிருந்து மைக்கோபாக்டீரியம் லெப்ரோமாட்டோசிஸ் என்ற இரண்டாவது தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு ஜீனோம்களையும் ஒப்பிட்டபோது பெரும்பாலான சாவுகள் இரண்டிலும் பொது. ஆக, அவை பிரிவதற்கு முன்பே பெரிய சரிவு நடந்து முடிந்திருக்கிறது, அந்தப் பிரிவே பல லட்சம் ஆண்டுக்கு முந்தியது என்று கணக்கிடுகிறார்கள். அப்புறம் அமைதி. டென்மார்க், ஸ்வீடன், இங்கிலாந்தில் இடைக்கால எலும்புக்கூடுகளிலிருந்து எடுத்த கிருமியின் ஜீனோம்கள் 2013இல் வெளியாயின. இன்றைய கிருமிக்கும் அதற்கும் வித்தியாசம் மிகச் சொற்பம்.

சரிவு வேகமாக நடந்ததற்கு ஜீனோம் வெளியான காலத்திலேயே ஒரு காரணம் சொன்னார்கள். டிஎன்ஏ படியெடுக்கும்போது பிழை திருத்தும் டிஎன்ஏ-க்யூ என்ற பகுதி இதில் செத்திருக்கிறது, அதனால் பிழைகள் குவிந்தன என்று.

---

ஆய்வக_இரவு எழுதியது:

கடைசிப் பத்தியில் ஒரு திருத்தம். அந்த விளக்கம் இப்போது பலவீனமாகிவிட்டது. 2015இல் காசநோய்க் கிருமியில் சோதித்தபோது பிழை திருத்துவது டிஎன்ஏ-க்யூ இல்லை, படியெடுக்கும் நொதியிலேயே ஒட்டியிருக்கும் பிஎச்பி என்ற பகுதி என்று தெரிந்தது. இந்தக் குடும்பத்தில் டிஎன்ஏ-க்யூ போனதால் பெரிய நஷ்டம் வந்திருக்காது. மேலும் நீங்களே சொன்னபடி கடந்த ஆயிரம் ஆண்டில் கிருமி பெரிதாக மாறவே இல்லை என்றால் பிழை அதிகம் செய்கிறது என்பதும் பொருந்தவில்லை.

---

நெல்லிக்காய் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், நான் பழைய விளக்கத்திலேயே நின்றுவிட்டேன். ரீச்சர், பிள்ளைகளிடம் அந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

---

முத்துநகர் எழுதியது:

பெலாஜிபேக்டர் பற்றிப் போய்ப் படித்தேன், என் தவறு புரிந்தது. ஜீனோமின் அளவைப் பார்க்கக் கூடாது, மிச்சம் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். சரி. ஆனால் நோய்க்கிருமிகளில் இழப்பு எல்லாமே பராமரிப்பு இல்லாத துரு மட்டும்தானா? இழந்ததால் லாபம் அடைந்த கிருமி ஒன்றுகூட இல்லையா? எனக்கு அது நம்ப முடியவில்லை.

---

ஆய்வக_இரவு எழுதியது:

இருக்கிறது, இந்தத் தடவை உங்கள் பக்கம் நியாயம்.

பிளேக் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூதாதை வயிற்றில் லேசான கோளாறு கொடுக்கும் ஒரு சாதாரண பாக்டீரியா, சூடோடியூபர்குலோசிஸ் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவ வேண்டுமானால் தெள்ளு உயிரோடு இருக்க வேண்டும். மூதாதையின் யூரியேஸ் நொதி தெள்ளுக்கு விஷம், கணிசமான பூச்சிகளைக் கொன்றுவிடும். பிளேக் கிருமியில் அந்த நொதிக்குத் தேவையான யூஆர்இ-டி மரபணுவில் "ஜி" என்ற எழுத்து ஒன்றே ஒன்று கூடியிருக்கிறது, மரபணு செத்தது, தெள்ளு பிழைத்தது. அதோடு நிற்கவில்லை. தெள்ளின் குடலில் பிசின்போலப் படலம் கட்டி அடைத்துக்கொள்வதைத் தடுத்துக்கொண்டிருந்த மூன்று மரபணுக்களும் செத்தன. அடைபட்ட தெள்ளு பசியில் மறுபடி மறுபடி கடிக்கும், கடிக்கும்போதெல்லாம் கிருமி உள்ளே போகும். புதிதாக வாங்கியது தெள்ளின் குடலில் பிழைத்திருக்க உதவும் ஒரு மரபணு, பிளாஸ்மிட் என்ற தனிச் சிறு டிஎன்ஏ வளையம் ஒன்றில் ஏறி வந்தது. வரவு கொஞ்சம், கழிவு அதைவிட அதிகம், விளைவு ஐரோப்பாவில் கருஞ்சாவு என்ற கொள்ளைநோய். 2014இல் இந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக மூதாதைக் கிருமியில் செய்து, தெள்ளில் விட்டுச் சோதித்துக் காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த ஆய்வு இது, வெறும் கணினியில் ஊகிக்காமல் கையால் செய்து பார்த்தார்கள் என்பதால்.

இன்னொன்று, சீதபேதி தரும் ஷிகெல்லா. உண்மையில் அது ஈகோலைதான், தனிப்பெயர் வழக்கத்தால் நிலைத்தது. ஈகோலையில் இருக்கும் கேட்-ஏ என்ற மரபணு ஷிகெல்லா எதிலும் வேலை செய்வதில்லை. (கேட்-ஜியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், தமிழில் எழுதும்போது ஒன்றுபோல இருக்கிறது, இது வேறு.) அதை 1998இல் திரும்பப் பொருத்திப் பார்த்தார்கள், கிருமியின் வீரியம் குறைந்துவிட்டது. அந்த மரபணு செய்யும் பொருள் ஷிகெல்லாவின் நஞ்சையே முடக்குகிறது.

ஆகவே பிளேக்கில் சில சாவுகள் இயற்கைத் தேர்வு கேட்டு வாங்கியவை, பல சாவுகள் துரு. எது எது என்று பட்டியலைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது, மரபணுவை உயிர்ப்பித்துப் பார்த்தால்தான் தெரியும். தொழுநோய்க் கிருமியில் அது மிகக் கடினம், வளர்க்கவே முடியாதே.

---

வெண்மணல் எழுதியது:

மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன், இப்போதுதான் திரும்ப வருகிறேன். நெல்லிக்காய் அண்ணா சொன்னபடி முதல் பத்தைக் கையால் ஒப்பிட்டேன். அப்புறம் கேட்-ஜி. காசநோய்க் கிருமியின் புரதத்தை மேலே வைத்து, கீழே இதைப் பொருத்தினால் ஒரு துண்டு அழகாகப் பொருந்துகிறது, பிறகு வரிசை நகர்கிறது, பிறகு ஒரு பகுதியைக் காணோம், மறுபடி பொருந்துகிறது. வெறும் எழுத்துகள்தான், ஆனால் பார்த்தபோது ஏதோ மனதைப் பிசைந்தது. கள ஊழியர் ஐயா கேட்ட கேள்வியின் பதில் என் திரையில் இருந்தது.

துண்டுகளைச் சேர்த்தபிறகு என் எண்ணிக்கை 1,600க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

தோழியும் நானும் எங்கள் இரண்டு ஜீனோம்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். சுமார் 65 பெரிய துண்டுகளாக வெட்டி மாற்றி அடுக்கியதுபோல இருக்கிறது, துண்டுக்குள் வரிசை அப்படியே இருக்கிறது, துண்டுகளின் இடம்தான் மாறியிருக்கிறது. வெட்டு விழுந்த இடங்களில் பல இடத்தில் ஒரே மாதிரி வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. ஆர்எல்இபி என்று பெயர் போட்டிருக்கிறது. அது என்ன?

---

நெல்லிக்காய் எழுதியது:

ஆர்எல்இபி தொழுநோய்க் கிருமிக்கே உரிய ஒரு மீள்வரிசை, தாவித் திரியும் ஏதோ ஒரு பழைய மரபுக்கூறின் எச்சம் போல இருக்கிறது. ஜீனோமில் 37 இடத்தில் கிடக்கிறது. ஒரே வரிசை பல இடத்தில் இருந்தால் டிஎன்ஏ ஒன்றோடொன்று தவறாகப் பிணைந்து, நடுவில் இருப்பது திரும்பிப்போகும் அல்லது கழன்று விழும். நீங்கள் பார்த்த வெட்டுகளில் பலவற்றுக்கு இதுவும் இதைப்போன்ற மற்ற மீள்வரிசைகளும்தான் காரணம்.

அதையே இப்போது நோயைக் கண்டறியப் பயன்படுத்துகிறார்கள். டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை செய்யும்போது ஜீனோமில் ஒரே இடத்தில் இருக்கும் மரபணுவைத் தேடுவதைவிட 37 இடத்தில் இருப்பதைத் தேடினால் கிருமி மிகக் குறைவாக இருந்தாலும் அகப்படும்.

ஒரு எச்சரிக்கை. நாளை நீங்களே ஒரு கிருமியை நானோபோர் என்ற டிஎன்ஏ வாசிக்கும் கருவியில் வாசித்து, ஆயிரம் செத்த மரபணுக்கள் கண்டுபிடித்துவிட்டேன் என்று குதிக்காதீர்கள். ஒரே எழுத்து ஆறேழு தடவை தொடர்ந்து வரும் இடத்தில் அந்தக் கருவி ஓர் எழுத்தை விட்டுவிடும் அல்லது கூட்டிவிடும், நல்ல மரபணு செத்ததுபோலத் தெரியும். யூஆர்இ-டியில் நடந்தது அப்படிப்பட்ட இடத்தில் நடந்த உண்மையான பிறழ்வு. உங்களுடையது கருவியின் பிழையா உண்மையா என்று இன்னொரு முறையில் வாசித்து உறுதி செய்யாமல் எழுதக் கூடாது.

---

கள ஊழியர் எழுதியது:

பாப்பா, உன் திரையில் என் கேள்விக்குப் பதில் கிடைத்ததைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். மருந்து முடித்து ஏழெட்டு வருடம் கழித்துச் சிலர் புதுத் தேமலோடு வருவார்கள். பழைய கிருமி ஒளிந்திருந்து எழுந்ததா, வீட்டிலோ பக்கத்திலோ யாரிடமிருந்தாவது புதிதாகத் தொற்றியதா என்று எங்களுக்குத் தெரியாது. மறுபடி மருந்து கொடுப்போம், வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதிப்போம், அவ்வளவுதான். ஜீனோமை வாசித்தால் அது தெரியுமா?

---

நெல்லிக்காய் எழுதியது:

ஓரளவுக்குத் தெரியும் ஐயா. சிக்கல் என்னவென்றால் உலகம் முழுக்க இந்தக் கிருமி கிட்டத்தட்ட ஒன்றே. 2009இல் இந்தியா, பிரேசில், தாய்லாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு இடத்துக் கிருமிகளை ஒப்பிட்டபோது 32.7 லட்சம் எழுத்துகளில் மொத்தமே 215 இடத்தில்தான் வேறுபட்டன. மூன்று கண்டத்துக்கே இவ்வளவு என்றால் ஒரே ஊருக்குள் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். பழைய தோல் மாதிரியும் புதிய மாதிரியும் இரண்டும் இருந்து, முழு ஜீனோமையும் வாசித்து, இரண்டும் வேறு கிளை என்று வந்தால் புதுத் தொற்று என்று துணிந்து சொல்லலாம். இரண்டும் ஒன்றே என்று வந்தால் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதே கிளை இருக்கக்கூடும்.

ஆனால் மருந்து பலிக்குமா என்பதை அதே வாசிப்பில் பார்த்துவிடலாம். ரிஃபாம்பிசினுக்கு ஆர்பிஓ-பி, டாப்சோனுக்கு எஃப்ஓஎல்பி-1, இரண்டு மரபணுவில் சில குறிப்பிட்ட இடங்கள். வளர்த்துப் பார்க்க முடியாத கிருமிக்கு, எலியின் பாதத்தில் பல மாதம் காத்திருக்காமல் இதைச் சொல்ல வேறு நல்ல வழி இல்லை.

---

கள ஊழியர் எழுதியது:

எங்கள் காலத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கணக்கெடுத்து முடித்தபின் கழுவி வைத்துவிடுவோம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

---

வெண்மணல் எழுதியது:

ஐயா, சாயம் ஏற்றிய பழைய கண்ணாடித் துண்டிலிருந்தும் டிஎன்ஏ எடுத்திருக்கிறார்கள். உங்களோடு வேலை பார்த்தவர்களில் யாராவது கழுவாமல் பெட்டியில் வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன். இருந்தால் எங்கள் பேராசிரியரிடம் நான் பேசுகிறேன்.